முழுக்கைச் சட்டைக்காரர்கள்

யுகேந்திரனுக்குக் கைக்கடிகாரத்தின் மேல் எந்தக் காலத்திலும் பிரியம் இருந்ததில்லை. பீளமேட்டில் அவருடைய பட்டறையில் ரோபோக்களுக்கு முழங்கை மூட்டு செய்துகொண்டிருந்தார்கள். கையில் எதையாவது கட்டிக்கொண்டு மெஷின் பக்கம் வருகிறவர்களை, "கழட்டி வச்சுட்டு வா, இல்லீன்னா கைய கழட்டி வச்சுட்டுப் போ" என்று விரட்டுவதுதான் அவர் வழக்கம். ஐம்பது வயதைத் தாண்டியும் மணி தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்.

கடிகாரக் கிறுக்கு அவர் மச்சினன் மிதுனுக்குத்தான். மனைவி ஹர்ஷினியின் தம்பி. சூலூரில் மாட்டு வைத்தியர். காலையில் ஏதாவது ஒரு தொழுவத்தில் தோள்வரை கையை விட்டுக் கன்றை இழுத்துப் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிய ஈரக் கையோடு கடிகாரப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். எந்தக் கடிகாரத்துக்குள் எத்தனை சக்கரம், எந்த முள் ஏன் வழுக்கிக்கொண்டு போகிறது, எது துள்ளித் துள்ளிப் போகிறது என்றெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவான். சாப்பாடு முடிந்ததும் ஊஞ்சலில் உட்கார்ந்து மச்சானுக்கு விளக்குவான். யுகேந்திரனுக்கு ஒரு எழவும் புரியாது. ஆனாலும் அவன் பேசுவதைக் கேட்கப் பிடிக்கும். குழந்தையில்லாத வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சத்தம் வாரம் முழுவதற்கும் போதுமானதாக இருந்தது.

மிதுன் ஆசைப்பட்டது லெவாந்த்ரே என்ற ஒரே ஒரு கடிகாரத்துக்கு.

லெவாந்த்ரேவைக் கேள்விப்படாதவர்கள் அந்தக் காலத்தில் கோயம்புத்தூரில் கிடையாது. பார்த்தவர்கள்தான் கிடையாது. எங்கோ ஒரு பனிநாட்டில், விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் சேர்ந்து, வருஷத்துக்கு மிகக் கொஞ்சமாகச் செய்வதாகச் சொன்னார்கள். விளம்பரம் கிடையாது. காசை மூட்டையாகக் கொண்டுபோய்க் கொட்டினாலும் கிடைக்காது. அவினாசி ரோட்டு மாலில் ஐந்தாவது மாடியில் அவர்களுக்கு ஒரு கடை இருந்தது. அங்கே கடிகாரம் இல்லை, ஒரு நாற்காலி இருந்தது.

ஊரில் அதை ஆசைமானி என்றார்கள். உட்கார்ந்து கைப்பிடியில் உள்ளங்கையை வைத்தால், எதிரே திரையில் படங்கள் ஓடும். கண்மணி விரிவது, நாடி தப்புவது, தோலில் வேர்ப்பது எல்லாவற்றையும் அது படித்துக்கொள்ளும். வாயால் நாம் என்ன சொன்னாலும் செல்லாது. மனசுக்குள் என்ன இருக்கிறதோ அதை அது எடை போட்டுவிடும். தகுதியானவர்களுக்கு அழைப்பு வரும். தகுதி என்றால் என்ன என்று கம்பெனி சொன்னதே இல்லை. சொல்லாததாலேயே அதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். இன்னாருக்கு அழைப்பு வந்துவிட்டதாம், அவருக்குப் பதினோராயிரம் பேர் முன்னால் இருந்தார்களாம் என்று கல்யாண வீடுகளில் பேச்சு நடக்கும். அந்த இன்னார் யாரென்று மட்டும் யாருக்கும் தெரியாது.

மிதுன் அந்த நாற்காலியில் உட்காரப் போன அன்று துணைக்கு யுகேந்திரனும் போயிருந்தார். தனியாகப் போக அவனுக்குப் பயம். பசு மாட்டின் கொம்புக்கு முன்னால் நிற்கிறவனுக்கு ஒரு கடைக்குள் போக ஆள் துணை வேண்டியிருந்தது.

கடையில் ஜெஸ்லின் என்ற பெண் இருந்தாள். மிதுன் உள்ளே போய் வெளியே வந்ததும் யுகேந்திரனைப் பார்த்தாள்.

"நீங்களும் உட்காருங்களேன் சார்."

"எனக்கெதுக்கம்மா? நான் கடிகாரமே கட்டறதில்ல."

"சும்மாதான் சார். கூட வந்தவங்களையும் உட்கார வைக்கிறது எங்க வழக்கம்."

"உக்காருங்க மச்சான், ஒரு அனுபவமுங்க" என்று மிதுன் தள்ளிவிட்டான்.

திரையில் ஒரு கடிகாரம் வந்தது. பிறகு அதே கடிகாரம் அவர் கையில். பிறகு அவர் கையையே பார்த்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவருடைய முகம். முகம் தெளிவாக இல்லை. ஆனால் யுகேந்திரனுக்கு அது மிதுன் மாதிரி இருந்தது. ஏனோ கையைப் பின்னால் மறைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குள் படம் மாறிவிட்டது.

மழைக்காலம் போய் வெயில் ஏறத் தொடங்கிய சமயத்தில் ஜெஸ்லின் கூப்பிட்டாள்.

"வாழ்த்துக்கள் சார். உங்களுக்கு வந்திருக்கு."

"எனக்கா? மிதுனுக்கில்லையா?"

"அவருக்கு வரலை சார்."

"அப்ப எனக்கு வந்தத அவனுக்குக் குடுத்துருங்க."

"அப்படி மாத்த முடியாது சார். உங்களுக்கு வேண்டாம்னா வெளியூர்ல வேற யாருக்காவது போயிடும். இந்த ஊருக்கு இன்னொண்ணு எப்போ வரும்னு என்னால சொல்ல முடியாது."

வேண்டாம் என்று சொல்லத்தான் யுகேந்திரன் வாயைத் திறந்தார். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஆனால் அதற்குள் என்னவோ நடந்துவிட்டது. போகப்போகிறது என்று தெரிந்த அந்த நொடியில், அதுவரை அவர் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு பொருள் சட்டென்று அவருடையதாகிவிட்டது. பதினோராயிரம் பேர் கை நீட்டிக்கொண்டு நிற்பது போலவும், அத்தனை பேரையும் தாண்டித் தன் உள்ளங்கையில் அது வந்து விழுந்தது போலவும் இருந்தது. நெஞ்சு படபடத்தது. இத்தனை வருஷத்தில் பட்டறைக்கு முதல் ஆர்டர் வந்தபோதுகூட அப்படிப் படபடத்ததில்லை.

"எப்ப வந்து வாங்கிக்கறது?" என்று அவர் கேட்டார்.

பெட்டியைக் கையில் கொடுக்கும்போது ஜெஸ்லின் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சார், ஒரே ஒரு விஷயம். உங்க மச்சினருக்கு இது தெரிஞ்சா மனசு கஷ்டப்படும் இல்லையா? அவர் பாவம், ரொம்ப ஆசையா இருந்தார். கொஞ்ச நாளைக்கு வெளியே காட்டாம இருந்தீங்கன்னா அவருக்கு நல்லது."

எவ்வளவு பக்குவமான பெண் என்று யுகேந்திரன் நினைத்துக்கொண்டார். அன்று மாலையே ஆறு முழுக்கைச் சட்டைகள் எடுத்தார்.

அது மறைத்து வைக்க வேண்டிய அழகு இல்லை. சிறுவாணிப் பக்கம் மழை இறங்குவதற்கு முன்னால் மலை ஒரு நிறத்துக்கு வருமே, அந்த நிறம் அதன் முகத்துக்கு. நொடி முள் போவதே தெரியாது. காதில் வைத்தால் மட்டும், உள்ளே ஏதோ உயிர் மூச்சு விடுவது போல் கேட்கும். யுகேந்திரன் குளியலறையில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு பார்ப்பார். பட்டறை மாடியில் கணக்குப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் பார்ப்பார். முதல் சில வாரங்கள் அந்தச் சந்தோஷம் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் ஒரு குறை தட்டியது. அந்த முள் ஏன் அப்படி வழுக்கிக்கொண்டு போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. பின்பக்கக் கண்ணாடி வழியாகத் தெரியும் குட்டிச் சக்கரம் எதற்காக ஒரு சுற்று முன்னும் ஒரு சுற்று பின்னும் போகிறது என்று தெரியவில்லை. கேட்டால் சொல்ல உலகத்தில் அவருக்கு ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆளிடம்தான் கேட்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மிதுன் வருகிற பைக் சத்தம் கேட்டதும் வீட்டிலும் முழுக்கையைக் கழற்றாத யுகேந்திரன் உள்ளே போய்க் கைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு வருவார். கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் பீரோவில் வைத்தால் ஹர்ஷினி கண்ணில் படும், அவளுக்குத் தெரிந்தால் தம்பிக்குத் தெரிந்த மாதிரிதான். தவிர, கழற்ற மனசும் வரவில்லை. கோயம்புத்தூர் குளிர்ந்த ஊர் என்பதெல்லாம் பழைய கதையாகிவிட்ட காலம் அது. சித்திரை வெயிலில் கை பொத்தானைப் போட்டுக்கொண்டு, சோறு பிசைந்தபடி, முதுகில் வேர்வை ஆறாக ஓட உட்கார்ந்திருப்பார்.

"என்னங் மச்சான், ஒடம்பு சரியில்லீங்களா?"

"இல்ல மாப்ளே, வெயில் பட்டா அரிக்குது. டாக்டர் முழுக்கை போடச் சொன்னாரு."

மிதுன் அவர் கையை ஒரு தரம் பார்ப்பான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ரசம் ஊற்றிக்கொள்வான். கடிகாரங்களைப் பற்றி அவன் பேசுவது குறைந்தது. யுகேந்திரனும் பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் மழை, மாடு, அரசியல் என்று எதையாவது இழுத்துப்போட்டு மூடிவிடுவார். கிடைக்காத வருத்தத்தில் இருக்கிறான், கிளறக் கூடாது என்று நினைத்தார். சாப்பிட்டதும் ஊஞ்சலில் உட்காராமல் மிதுன் கிளம்பத் தொடங்கினான். அப்புறம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வந்தான். அப்புறம், "மாட்டுக்குக் காய்ச்சல் பரவுதுங்க அக்கா, நேரமே இல்ல" என்று போனில் சொல்வதோடு நிறுத்திக்கொண்டான்.

ஹர்ஷினி ஒருநாள் நேராகவே கேட்டாள். "என்ற தம்பிக்கும் உங்களுக்கும் என்ன சண்டை?"

"சண்டையா? ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லாமயா அவன் இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டீங்கறான்? அவன் எதாச்சும் தப்பாப் பேசியிருந்தா சொல்லுங்க, நான் கேக்கறேன்."

"அவன் ஒண்ணும் பேசல."

"அப்ப நீங்க பேசியிருக்கறீங்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். யுகேந்திரன் ஒன்றும் பேசாததுதான் விஷயம் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

அந்த நாட்களில்தான் அவர் மணிக்கட்டில் ஒரு சிலிர்ப்பு வர ஆரம்பித்தது. மெட்ரோவில் யாரோ பக்கத்தில் வந்து கம்பியைப் பிடிக்கும்போது வரும். கோயில் வரிசையில் வரும். எறும்பு ஊறுவது போல ஒரு நடுக்கம், சில நிமிஷங்களில் அடங்கிவிடும். கூட்டத்தில் நின்றால் மட்டும் வருகிற நரம்புக் கோளாறு ஏதாவது உண்டா என்று பயந்துபோய்த் தெரிந்த ஒரு டாக்டரம்மாவிடம் போனார். அந்த அம்மாள் அவருடைய வலது கையைப் பிடித்து நாடி பார்க்கக் குனிந்தாள். சிலிர்ப்பு வந்தது. அந்த அம்மாளும் திடுக்கிட்டுத் தன் கோட்டின் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"இந்த வருஷம் இது நிறைய பேருக்கு இருக்கு" என்றாள் டாக்டரம்மா, மேஜையைப் பார்த்தபடி. "தண்ணி நிறையக் குடிங்க."

வருஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைக் கடையில் காட்டிச் சரிபார்த்து வாங்க வேண்டும். அப்படி ஒரு மத்தியானம் யுகேந்திரன் மாலுக்குப் போனார். இரண்டு லிஃப்டில் ஒன்று பழுது. இன்னொன்றின் முன்னால் கூட்டமாக நின்றவர்களோடு நெருக்கியடித்து ஏறிக்கொண்டார். கதவு மூடப்போகும் நேரத்தில் ஓடிவந்து ஒருவன் உள்ளே நுழைந்தான். மிதுன்.

"மச்சான்!"

"மாப்ளே! இங்கெங்க வந்த?"

"நான் சும்மா... ஒரு பனியன் எடுக்கலாம்னுங்க. நீங்க?"

"நானும் பனியன்தான்."

ஐந்தாவது மாடியில் பனியன் விற்கும் கடை எதுவும் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். மிதுன் இளைத்திருந்தான். நெற்றிப் பக்கம் முடி இன்னும் கொஞ்சம் பின்னால் போயிருந்தது. தொட்டுப் பேச வேண்டும் போலிருந்தும் யுகேந்திரன் கையைத் தூக்கவில்லை.

நாலாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. விளக்கு மட்டும் எரிந்தது, காற்று நின்றுவிட்டது. உள்ளே சாப்பாட்டுப் பையோடு ஜெஸ்லின் நின்றிருந்தாள். அவளைத் தவிர, வங்கி அதிகாரி மாதிரி ஒருவர், நீளக் கை ரவிக்கை போட்ட பட்டுப்புடவை அம்மாள் ஒருவர், புதுமாப்பிள்ளைக் களையோடு ஒரு வாலிபன். ஜெஸ்லின் அவசர மணியை அழுத்தினாள். ஆள் வர நேரமாகும் என்று ஒரு குரல் சொன்னது.

வேர்த்துக் கொட்டியது. யாரும் கைப் பொத்தானைக் கழற்றவில்லை.

யுகேந்திரனின் மணிக்கட்டு சிலிர்த்தது. வழக்கமாக அடங்குகிற நேரத்தில் அடங்காமல் இன்னும் பலமாக நடுங்கியது. வாலிபன் தன் இடது கையை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வங்கி அதிகாரி பையை மார்போடு அணைத்துக்கொண்டார். பட்டுப்புடவை அம்மாள் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். அப்போது அந்தச் சின்ன அறைக்குள் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. முதலில் மழை தூறுவது போல முன்னும் பின்னுமாக. பிறகு மெல்ல மெல்ல ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் ஒரே தாளமாக, ஒரே ஒரு பெரிய கடிகாரம் சுவருக்குள் ஓடுவது போல.

டிக். டிக். டிக்.

"இது என்ன சத்தம்?" என்று வாலிபன் கேட்டான்.

மிதுன்தான் பதில் சொன்னான். "ஒரே சுவத்துல ரெண்டு ஊசல் கடிகாரத்த மாட்டுனா, கொஞ்ச நேரத்துல ரெண்டும் ஒரே மாதிரி ஆட ஆரம்பிச்சுருமுங்க. ஒண்ணோட அசைவு இன்னொண்ணுக்குப் போகும். இதுக்குள்ள இருக்கற சக்கரம் அத்தனை மெல்லிசு. அதே மாதிரி இன்னொண்ணு பக்கத்துல வந்தாலே போதுமுங்க, சேர்ந்துக்கும்." அவன் சுற்றிலும் பார்த்தான். "இந்தச் சத்தத்துக்கு ரெண்டு மூணு இருந்தாப் பத்தாதுங்களே."

பட்டுப்புடவை அம்மாள்தான் முதலில் ரவிக்கைக் கையை ஏற்றினாள். "எனக்குத் தாங்கலப்பா, வேர்க்குது" என்றாள். மழைக்கு முந்தைய மலை நிறத்தில் ஒரு கடிகாரம். வாலிபன் ஏற்றினான். இன்னொன்று. வங்கி அதிகாரி ஏற்றினார். யுகேந்திரன் மிதுனின் முகத்தைப் பார்க்காமல் பொத்தானைக் கழற்றினார்.

"மாப்ளே, என்னை மன்னிச்சுக்கோ. உனக்கு வரலைன்னு..." பிறகுதான் அவருக்குத் தோன்றியது. "நீயுந்தான் மறைச்சு வச்சிருக்கற. ஏத்து, சட்டைய ஏத்து."

மிதுன் போட்டிருந்தது அரைக்கைச் சட்டை என்பதை அந்த நெருக்கடியில் அவர் கவனித்திருக்கவில்லை. அவன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினான். இரண்டும் வெறும் கை. மாட்டுக் கயிறு உராய்ந்த பழைய தழும்பு மட்டும் இருந்தது.

வங்கி அதிகாரி ஜெஸ்லின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இந்த ஊருக்கே ரெண்டு மூணுதான்னு சொன்னியே?"

ஜெஸ்லின் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கதவையே பார்த்தாள். கதவு திறக்கிற மாதிரி இல்லை.

"எங்க பின்னறைக்கு ஆப்பிள் பெட்டி மாதிரி பெட்டி பெட்டியா வரும் சார்" என்றாள். "எத்தனைன்னு எனக்கே தெரியாது. எல்லா ஊருக்கும் அப்படித்தான்."

"அப்படின்னா ஒருத்தர் கையிலயும் பாத்ததில்லையே?" என்றான் வாலிபன்.

"நீங்க ஏன் காட்டலை?" என்றாள் ஜெஸ்லின்.

வாலிபன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். "என் அண்ணன் ரொம்ப நாளா காத்திருக்கார். அவருக்குக் கிடைக்கலை. அவர் முன்னாடி எப்படிக் கட்டறது?"

"என்ற தங்கச்சிக்கு வரல" என்றாள் பட்டுப்புடவை அம்மாள் மெதுவாக.

"அதான் மேடம்" என்றாள் ஜெஸ்லின். "அந்த நாற்காலி ஆசையைப் பார்க்கறதே இல்லை. ஆசை எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கு. அது வேற ஒண்ணைப் பார்க்குது. கையில கட்டினா ஊரைக் கூட்டிக் காட்டற ஆளா, இல்லை வேண்டப்பட்டவங்க மனசு நோகும்னு மறைக்கிற ஆளான்னு பார்க்குது. காட்டற ஆளுக்கு நாங்க விக்கவே மாட்டோம். மறைக்கிறவங்களுக்கு மட்டும்தான். எல்லாரும் மறைச்சா ஊர்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். இல்லாத மாதிரி இருந்தா எல்லாருக்கும் வேணும்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்படிப்பட்ட மனசு அபூர்வம்னு நினைச்சுத்தான் கம்பெனி ஆரம்பிச்சாங்க சார். பார்த்தா, அது ஏராளமா இருந்துச்சு."

யுகேந்திரனுக்குக் கோபம் வர வேண்டும். ஆனால் வந்தது வெட்கம்தான். தன்னிடம் இருந்த ஒரே நல்ல குணத்தைப் பிடித்துக்கொண்டு தன்னை ஒரு பெட்டிக்குள் பூட்டிவிட்டார்கள் என்று தோன்றியது.

"அப்ப இவனுக்கு ஏன் குடுக்கல?" என்றார் மிதுனைக் காட்டி. "இவன் என்ன ஊரைக் கூட்டிக் காட்டற ஆளா?"

"அவருக்குத்தான் சார் முதல்ல வந்தது."

மிதுன், "வேண்டாம்மா, விடுங்க" என்றான்.

"இனிமே என்ன சார் இருக்கு மறைக்க" என்றாள் ஜெஸ்லின். "அழைப்பு முதல்ல வர்றவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்போம். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான், உங்களுக்கு வேணுமான்னு. எல்லாரும் எனக்கே குடுங்க, அவருக்குத் தெரியாம வச்சுக்கறேன்னுதான் சொல்வாங்க. இவர் மட்டும்தான் அதை அவருக்குக் குடுங்க, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கன்னார். அந்த மாதிரி பதிலுக்கு என்ன பண்றதுன்னு எங்க மெஷினுக்குத் தெரியலை. அதான் அவர் சொன்னபடியே உங்களைக் கூப்பிட்டேன்."

லிஃப்டுக்குள் கடிகாரங்கள் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தன. யுகேந்திரன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அப்ப உனக்கு மொதல்ல இருந்தே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?"

"நீங்களே ஒரு நாளைக்குக் காட்டுவீங்கன்னு இருந்தனுங்க மச்சான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இன்னைக்கு காட்டுவாரு, இன்னைக்கு காட்டுவாருன்னுதான் வந்தேன். அதப் பாக்கோணும்னு எனக்கு எத்தனை ஆசை இருந்திருக்கும்? ஆனா நான் வர்றப்பெல்லாம் உள்ள போய் முழுக்கைப் பொத்தானப் போட்டுட்டு வந்து, அந்த வெயில்ல வேர்த்து ஊத்த ஊத்த எனக்காக உக்காந்திருப்பீங்க. பாக்கப் பாவமா இருந்துச்சு. நான் வராம இருந்தா நீங்களாச்சும் காத்தோட்டமா இருப்பீங்கன்னுதான் நின்னுட்டனுங்க."

"அட முட்டாப் பயலே" என்றார் யுகேந்திரன். பட்டுப்புடவை அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு எதுக்கு வந்த? நெசத்தச் சொல்லு."

"வரிசையில இன்னும் என்ற பேர வச்சிருக்காங்களாமுங்க. எடுத்துரலாம்னு வந்தேன். அது இருக்கற வரைக்கும் நீங்க அந்தச் சட்டையக் கழட்ட மாட்டீங்க."

மேலே ஏதோ இரும்புச் சத்தம் கேட்டது. லிஃப்ட் அசைந்து, ஊர்ந்து, ஐந்தாவது மாடியில் நின்றது. கதவு திறந்ததும் குளிர்ந்த காற்று உள்ளே அடித்தது. வெளியே நாற்காலியில் உட்காரக் காத்திருந்தவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் வங்கி அதிகாரியின் கை தானாகச் சட்டையைக் கீழே இறக்கியது. "இதை வெளியே சொல்லி யாருக்கு என்ன லாபம்?" என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிவிட்டு அவர் நடந்தார். வாலிபன் ஒரு நிமிஷம் நின்றான், யோசித்தான், அவனும் பொத்தானைப் போட்டுக்கொண்டான். பட்டுப்புடவை அம்மாள் மட்டும் ஏற்றிய கை ஏற்றியபடியே படிக்கட்டு வழியாக இறங்கினாள். தங்கை வீடு சாய்பாபா காலனியில் இருப்பதாகவும் இப்போதே போவதாகவும் சொன்னாள். ஜெஸ்லின் கடைக்குள் போகவில்லை. வரிசையில் நின்றவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுப் பையோடு அவளும் படியிறங்கினாள்.

யுகேந்திரன் கடிகாரத்தைக் கழற்றினார். "இந்தா, கட்டிக்கோ."

"எனக்கு வேண்டாமுங்க மச்சான்."

"வச்சுக்கச் சொல்லல. எனக்கு அந்தக் குட்டிச் சக்கரம் எதுக்கு முன்னயும் பின்னயும் போகுதுன்னு தெரியோணும். ஒரு வருஷமா மண்டைய ஒடைக்குது. கட்டிட்டு வந்து சொல்லு."

மாலுக்கு எதிரே ஒரு பேக்கரி இருந்தது. இரண்டு பேரும் வெளி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். யுகேந்திரன் இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டார். வெயிலே படாமல் வெளிறிப் போயிருந்த முன்கையில் காற்றுப் பட்டது சுகமாக இருந்தது. மிதுன் அரைக்கைச் சட்டையில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, கையை வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். காதில் வைத்துக் கேட்டான். கன்று மூச்சு விடுகிறதா என்று பார்க்கிறபோது அவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றான். பிறகு பேச ஆரம்பித்தான். அந்தச் சக்கரம் ஏன் அப்படிப் போகிறது, அதற்குள் இருக்கும் சுருள் எத்தனை மெல்லியது, முள் ஏன் துள்ளுவதில்லை. வழக்கம்போல யுகேந்திரனுக்குப் பாதி புரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஹர்ஷினிக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி வருகிறான், நாட்டுக்கோழி எடுத்து வை என்று சொன்னார்.

டீயைக் கொண்டுவந்து வைத்த கடைக்காரர் மிதுனின் கையைப் பார்த்து நின்றுவிட்டார். குனிந்து உற்றுப் பார்த்தார்.

"லெவாந்த்ரேங்களா?"

"ஆமாங்க" என்றான் மிதுன்.

கடைக்காரர் சிரித்தார். "நல்லா பண்ணியிருக்கறானுங்க. அப்படியே அச்சு அசல். எங்கீங்க வாங்குனீங்க, உக்கடத்துலயா?"

"டூப்ளிகேட்டுன்னு எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?" என்று யுகேந்திரன் கேட்டார்.

"அட, இதுக்கென்னங் கண்டுபுடிக்கறதுக்கு இருக்குது?" என்றார் அவர். காலி தட்டை எடுத்துக்கொண்டு, இடது முழுக்கையைச் சற்றுக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "அசல வச்சிருக்கறவன் எவனாச்சும் இப்படி வெளிய காட்டிட்டுத் திரிவானுங்களா?"